பரியலின் 'அன்ட்ரூ': கிருஷ்ணகிரி பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அன்ட்ரூ' ஆல்பத்தைக் கேளுங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் பஸ் பிடிக்கிறவர்கள், காலேஜ் பசங்கள், என் அத்தை மகன் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்து, தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலில், இது என்ன ஆல்பம்?

2007 நவம்பரில் லண்டனில் வெளிவந்த எலக்ட்ரானிக் இசை. செய்தவர் பரியல் என்ற பெயரில் இயங்குகிறவர், சொந்தப் பெயர் வில்லியம் பெவன். வெளியிட்டது ஹைப்பர்டப் என்ற சின்ன நிறுவனம். கோட்நைன் என்ற பெயரில் இசையமைக்கும் ஸ்டீவ் குட்மன் 2004-ல் தொடங்கியது அது. இதற்கு முன்னால் 2006-ல் பரியலின் முதல் ஆல்பம் வந்தது, அதற்கு அவர் தன் பெயரையே வைத்துவிட்டார். 'அன்ட்ரூ' இரண்டாவது. 13 டிராக், மொத்தம் ஐம்பது நிமிடம் வாக்கில் ஓடும். பல்லவி, சரணம், நாம் திரும்பப் பாடிக்கொள்ளும் வரி என்று எதுவும் கிடையாது.

ராத்திரி நகரத்தைப் பற்றிய ஆல்பம் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் ராத்திரியில் எந்த நேரம் என்பது முக்கியம். கிளப் மூடியாகிவிட்டது, கூட இருந்தவர்கள் அவரவர் பக்கம் போய்விட்டார்கள், காதில் இன்னும் இரைச்சல் அடங்கவில்லை, மழை தூறுகிறது, பஸ் வரவில்லை. அந்த நேரம்தான் இது. கொண்டாட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒரு மணி நேரத்துக்காக ஒருவர் ஒரு முழு ஆல்பம் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே போய்விடும்.

கிளப் மியூசிக் என்கிறார்கள், ஆடவே வரவில்லையே?

ஆட வராததற்குக் காரணம் தாளத்தில் இருக்கிறது. நம் கல்யாண மண்டபத்தில் டிஜே வைக்கிற பாட்டுகளில் அடி சமமாக விழும், டம் டம் டம் டம் என்று நாலும் ஒரே அளவு. 1990-களின் கடைசியில் லண்டனில் யூகே கராஜ் என்று ஒரு இசை சூடு பிடித்தது. அதில் டூ-ஸ்டெப் என்ற பாணியில் அந்த நாலு அடியையும் அப்படியே விடமாட்டார்கள், சிலதை எடுத்துவிடுவார்கள், மேலே ஓடும் சின்னச் சின்ன அடிகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். அடுத்த அடி எங்கே என்று உடம்பு தேடும், அந்தத் தேடலில்தான் ஆட்டமே பிறக்கும். பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை என்பேன்.

பரியல் அந்த டூ-ஸ்டெப் தாளத்தைத்தான் எடுத்துக்கொண்டார். அதற்கு அடியில், 2000-களின் ஆரம்பத்தில் தெற்கு லண்டனின் குராய்டன் பக்கம் உருவான டப்ஸ்டெப் என்ற இசையின் கனமான பேஸை, அதாவது ஆழமான அடி ஒலியை வைத்தார். அப்புறம் மொத்தத்தையும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அதனால் நீங்கள் கிளப்புக்குள் நின்று கேட்கவில்லை, தெருவில் நின்று கேட்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஓடினால் மேல் சுருதி சுவரிலேயே நின்றுவிடும், அடிச் சத்தம் மட்டும் ஊடுருவி வரும், அந்த அறிவியல்தான் இது. அங்கே நின்றுகொண்டு யார் ஆடுவார்கள்?

கரகரவென்று ஒரு சத்தம் கூடவே வருகிறது. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறதா?

இல்லை. இதை ரொம்பப் பேர் கேட்டுவிட்டார்கள், ஒருவர் இயர்போனையே மாற்றிவிட்டார். பழைய இசைத்தட்டில் ஊசி உரசும் சத்தமும் மழைச் சத்தமும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை, ஆல்பம் முழுக்க இருக்கும். எது மழை, எது தட்டு என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து கிடக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லண்டனில் ஜங்கிள் என்ற வேகத் தாள நடன இசை, கராஜ், டப்ஸ்டெப் எல்லாம் வளர்ந்தது பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாத ரேடியோக்களில். அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு ஒலிபரப்புவார்கள், அதிகாரிகள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள், திரும்பவும் கட்டுவார்கள். ரின்ஸ் எஃப்எம் அப்படி 1994-ல் தொடங்கியது, முறையான லைசென்ஸ் கிடைத்தது 2010-ல்தான். அந்த ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பாட்டு என்றாலே பாட்டும் இரைச்சலும் சேர்ந்ததுதான். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது எஃப்எம் இழுத்து இழுத்துப் போய், பாதிப் பாட்டு மலைக்குள் மாட்டிக்கொள்ளுமே, அந்த விட்டுப்போன பாதியை மனசு தானாகப் பாடி முடித்துவிடும். அந்தக் கரகரப்பு இங்கே செய்யும் வேலையும் அதுதான்.

பாடுவது ஆணா, பெண்ணா? என்ன பாடுகிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத மாதிரிதான் அவர் செய்திருக்கிறார். ஆர் அண்ட் பி பாட்டுகளிலிருந்து குரலைத் துண்டு துண்டாக எடுத்து, சுருதியை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆண் குரல் மேலே போய் பெண் குரலாகிறது, பெண் குரல் கீழே இறங்கி ஆணாகிறது, பல இடங்களில் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. 'ஆர்க்கேஞ்சல்' டிராக்கில் ரே ஜே என்ற அமெரிக்கப் பாடகரின் 2005 பாட்டு ஒன்றிலிருந்து குரல் எடுத்திருக்கிறார். மூலப் பாட்டைத் தேடிக் கேட்டுவிட்டு இதற்குத் திரும்பினால், அதே ஆள்தான் பாடுகிறார் என்று நம்பவே முடியாது.

வார்த்தை புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் பாதிதான் பிடிபடும். பிடிபடுகிற பாதியும் நீ, நான், தனியாக, பிடித்துக்கொள், என்ற அளவில்தான் இருக்கும். பின் சீட்டில் யாரோ ராத்திரி போனில் மெதுவாகப் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டிருப்பீர்கள். என்ன சண்டை என்று தெரியாது, ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் முக்கியமானவர் என்று மட்டும் தெரியும். அந்த அளவு தெரிந்தால் இந்த ஆல்பத்துக்குப் போதும்.

எப்படிச் செய்தார்? பெரிய ஸ்டுடியோவா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. ஸ்டுடியோ இல்லை, ஒரு கம்ப்யூட்டரும் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற மென்பொருளும்தான். இசையமைக்கிற மென்பொருள் என்றால் பொதுவாகத் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும், ஒரு அடியை வைத்தால் அது தானாகப் போய்க் கட்டத்தில் சரியாக உட்கார்ந்துகொள்ளும், தாளம் பிசகாது. சவுண்ட் ஃபோர்ஜ் அந்த வகை இல்லை, ஒலியை வெட்டி ஒட்டித் திருத்துவதற்கான கருவி. ஒலி ஒரு நீளமான அலைக்கோடாகத் தெரியும். பரியல் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்து, கையால் ஒவ்வொரு அடியையும் இடம் பார்த்து ஒட்டியிருக்கிறார். தாளம் சரியாக வந்துவிட்டால் திரையில் அது ஒரு நல்ல மீன் முள்ளாகத் தெரியும் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதனால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 130 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை வினாடிகூட முழுசாக இல்லை. அதில் ஒரு அடி வினாடியில் நூறில் இரண்டு பங்கு தள்ளி விழுந்தாலே காது அதைக் கண்டுபிடித்துவிடும். கையால் ஒட்டினால் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு அளவு தள்ளித்தான் விழும். 'ஆர்க்கேஞ்சல்' தாளத்தை மட்டும் தனியாகக் கவனித்தால், ஒரு சுற்று போலவே அடுத்த சுற்று இருக்காது, தடுமாறுகிற மாதிரி இருக்கும், ஆனால் விழாது. மெஷின் போட்ட தாளத்தில் ஒரு மனுஷன் நடக்கிற உணர்வு வருவது இதனால்தான்.

அடிக்கு என்ன சத்தங்களைப் பயன்படுத்தினார் என்பது இன்னும் அழகு. லைட்டர் பற்றவைக்கும் சத்தம், சாவிக்கொத்து, வீடியோ கேமில் துப்பாக்கி சுட்டதும் தோட்டாக் கூடு தரையில் விழுந்து உருளும் சத்தம். 'கோஸ்ட் ஹார்ட்வேர்' கேட்கும்போது மேல் சுருதியில் கிண் கிண் என்று உலோகச் சத்தம் வருகிற இடங்களைக் கவனியுங்கள். ராத்திரி தனியாக நடக்கிறவன் காதுக்கு எவை எல்லாம் பெரிதாகக் கேட்குமோ, அவற்றைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

அடுத்தவர் குரலை வெட்டி ஒட்டுவது திருட்டு இல்லையா?

அனுமதி வாங்காமல் எடுத்தால் சட்டப்படி சிக்கல்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் ஏதாவது செய்து வெளியிடப் போகிறீர்கள் என்றால் உங்கள் குரலையோ நண்பர் குரலையோ பதிவு செய்துகொள்ளுங்கள். கலை என்ற அளவில் கேட்டால், மூலப் பாட்டில் இல்லாத ஒரு ஆளையே அவர் உருவாக்கியிருக்கிறார் என்பதுதான் என் பதில்.

எந்த டிராக்கில் ஆரம்பிப்பது?

'ஆர்க்கேஞ்சல்'. ஆல்பத்தில் அது இரண்டாவது, முதலில் வருவது பெயரில்லாத ஒரு சின்ன முன்னோட்டம். அப்புறம் 'நியர் டார்க்', 'கோஸ்ட் ஹார்ட்வேர்'. இந்த மூன்றும் பிடித்துவிட்டால் முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், ஷஃபிளில் போடவே போடாதீர்கள். காரணம், நடுநடுவே தாளமே இல்லாத டிராக்குகள் வரும்: 'எண்டார்ஃபின்', 'இன் மெக்டொனால்ட்ஸ்', 'டாக் ஷெல்டர்', 'யூகே'. தனியாகக் கேட்டால் இவை பாதியில் விட்ட மாதிரி தோன்றும். வரிசையில் கேட்டால்தான் நடந்து வந்தவன் எங்கேயோ ஒதுங்கி நிற்கிறான் என்று புரியும். 'இன் மெக்டொனால்ட்ஸ்' இரண்டே நிமிடம். விடிகிற வரைக்கும் விளக்கு எரிகிற ஒரு கடை, ஒரு டேபிள், எதிர் சீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான் எனக்கு அதில் தெரிகிறது. நம் ஊரில் அது பஸ் ஸ்டாண்ட் டீக்கடை.

எதில் கேட்பது? போன் ஸ்பீக்கர் போதுமா?

போதாது. இதில் பேஸ் இறங்கும் ஆழம் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம். போன் ஸ்பீக்கர் அந்த அளவுக்கு இறங்கவே இறங்காது, வெறும் கரகரப்பும் குரலும்தான் மிஞ்சும், பாதி ஆல்பம் காணாமல் போய்விடும். விலை அதிகமான ஹெட்போன் தேவையில்லை, காதை நன்றாக அடைக்கிற ரப்பர் வைத்த சாதாரண இயர்போன் போதும். அடைப்பு சரியாக இல்லாவிட்டால் முதலில் கசிந்து போவது பேஸ்தான், அதனால் காதுக்குப் பொருந்துகிற அளவு ரப்பரை மாற்றிப் பாருங்கள். சத்தத்தைக் குறைவாகவே வையுங்கள். இது சத்தமாக வைத்துக் கேட்க வேண்டிய இசை இல்லை, ஓடுகிற பஸ்ஸின் இன்ஜின் சத்தம் கொஞ்சம் உள்ளே வந்தால்கூட நல்லதுதான்.

லண்டன் ராத்திரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் என்ன சம்பந்தம்? இங்கே நைட் லைஃப் எங்கே இருக்கிறது?

இதைக் கேட்டவர்களில் சிலர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்கள், நியாயம்தான். கிருஷ்ணகிரியில் கிளப் இல்லை, தருமபுரியிலும் இல்லை. ஆனால் ராத்திரி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44-ம் எண் நெடுஞ்சாலையும், சென்னை பெங்களூர் சாலையான 48-ம் சந்திக்கிற ஊர் இது. லாரி தூங்காத ஊர். மாம்பழ சீசன் வந்தால் மண்டியிலும் கூழ் ஃபாக்டரி வாசலிலும் வண்டி வரிசை நிற்கும், ராயக்கோட்டை பக்கம் தக்காளி ஏறும், சிப்காட்டில் ஷிப்ட் மாறும்.

லண்டன் கதைக்கு வருவோம். இந்த ஆல்பம் வந்த 2007-ல் லண்டன் பாதாள ரயில் ராத்திரி முழுக்க ஓடாது. வார இறுதியில் ராத்திரி ரயில் விட ஆரம்பித்ததே 2016 ஆகஸ்ட்டில்தான். அதுவரை கிளப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு நைட் பஸ்தான், நம்பருக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து போட்ட பஸ். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, தூங்கி வழிந்துகொண்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதிய பலரும் அந்த நைட் பஸ்ஸைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நமக்கும் பஸ்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் இதைக் கேட்டுப் பாருங்கள். அத்திப்பள்ளி, ஓசூர் வரைக்கும் நெரிசல், நிறுத்தி நிறுத்திப் போகும், அதுவரை போடாதீர்கள். ஓசூர் தாண்டி டிரைவர் உள் விளக்கை அணைத்ததும் போடுங்கள். சூளகிரி பக்கம் வேகம் பிடித்ததும் ரோட்டு விளக்கு ஒவ்வொன்றும் முன் சீட்டின் முதுகில் ஒரு பட்டையாக ஏறி, கை வரை வந்து, பின்னால் போகும். வேகம் கூடக் கூட அதுவும் ஒரு தாளமாகிவிடும், பாட்டின் தாளத்தோடு ஒத்துப் போகாது, ஆனால் எப்போதாவது ஒரு நொடி இரண்டும் சேரும். பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்குவார். டோல்கேட்டில் நிற்கும்போது வெளியே முறுக்கும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற குரல் இயர்போனைத் தாண்டிக் கேட்கும், அதுவும் ஆல்பத்தில் இருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றும். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே இறங்கி, ஆட்டோ வருமா வராதா என்று நிற்கிற பத்து நிமிடம் இருக்கிறதே, அதற்கு இவ்வளவு பொருத்தமான இசையை நான் இதுவரை கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. பாரதக் கூத்து நடக்கிற நாட்களில், நம் பக்கத்துக் கிராமங்களில் ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி ஓடும். திடலில் உட்கார்ந்து கேட்பது ஒரு அனுபவம், பாதியில் எழுந்து வயல் வழியாக வீட்டுக்கு நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்பது வேறு அனுபவம். குழாய் ஸ்பீக்கரில் அடிச் சத்தம் வராது, தூரம் போகப் போக மிருதங்கம் மறைந்துவிடும், குரலும் முகவீணையும் மட்டும் காற்றில் வந்து வந்து போகும். லண்டன்காரருக்குச் சுவர் வழியாகத் தாளம் வருகிறது, நமக்கு வயல் வழியாகக் குரல் வருகிறது. விட்டுவிட்டு வந்ததன் மேல் வரும் ஏக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

வண்டி ஓட்டும்போது கேட்கலாமா?

பைக்கில் இயர்போன் போட்டுக்கொண்டு எதையுமே கேட்காதீர்கள். காரில் மெதுவாக வைத்துக் கேட்கலாம், தூக்கம் வருகிற நேரத்திலும் தொப்பூர் இறக்கத்திலும் வேண்டாம்.

ஆளை ஏன் எங்கேயும் பார்க்க முடியவில்லை?

முகம் காட்ட விரும்பாதவர். மேடையேறி வாசிப்பதில்லை, பேட்டியும் அபூர்வம். 2008-ல் 'அன்ட்ரூ', ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு பிரிட்டனில் தரும் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் வந்ததும் யார் இந்த ஆள் என்று லண்டன் பத்திரிகைகள் தேட ஆரம்பித்தன, ஏற்கனவே பிரபலமான யாரோதான் மாறுபெயரில் செய்கிறார் என்று வதந்தியும் கிளம்பியது. அந்த ஆகஸ்ட்டில் அவரே தன் மைஸ்பேஸ் பக்கத்தில் ஒரு போட்டோவையும் பெயரையும் போட்டு முடித்துவைத்தார். பரிசு எல்போ என்ற ராக் குழுவுக்குப் போனது.

அண்ணன்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த ஜங்கிள் கேசட்டுகளையும், அவர்கள் சொன்ன ராத்திரிக் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர் அவர். ரேவ் என்ற, விடிய விடிய ஆடும் பெரிய கூட்டங்கள் நடந்த காலத்தில் அவர் சின்னப் பையன், போனதில்லை என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். தான் போகாத ஒரு திருவிழாவுக்காக ஏங்கிச் செய்த இசை இது. பாட்டில் எல்லாமே கொஞ்சம் தள்ளி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரொம்பச் சோகமாக இருக்கிறதே?

சோகம் உண்டு, ஆனால் அதில் ஒரு கதகதப்பும் இருக்கிறது. பாதி பரவசம் இருக்கிற மாதிரி ஒன்றைச் செய்ய நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடைசி டிராக் 'ரேவர்' வரும்போது அந்தப் பாதி தெரியும். மனசு ரொம்பக் கனமாக இருக்கிற ராத்திரி என்றால் இதைத் தள்ளி வைத்துவிட்டு, யாருக்காவது போன் போட்டுப் பேசுங்கள். ஆல்பம் எங்கேயும் போகாது.

நானும் இப்படி ஒன்று செய்ய நினைக்கிறேன், எங்கே தொடங்குவது?

தாராளமாகச் செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், வெட்டலாம், ஒட்டலாம், சுருதி மாற்றலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். சத்தங்களைப் போனிலேயே பதிவு செய்யுங்கள். கண்டக்டர் விசில், ஏர் பிரேக் விடுகிற பெருமூச்சு, ஷட்டர் இறக்கும் சத்தம், டீக்கடையில் கிளாஸை அடுக்குவது, தகரக் கூரையில் மழை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பின்னிரவில் அரை மணி நேரம் நின்றால் ஒரு ஆல்பத்துக்குத் தேவையான தாளக் கருவி எல்லாம் கிடைத்துவிடும். லண்டன் மழையை இணையத்தில் எடுத்துப் போடாதீர்கள், அது அவருடைய மழை. அடிகளைக் கட்டத்தில் வைக்காமல் காதால் கேட்டு ஒட்டிப் பழகுங்கள், ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், விடாதீர்கள். செய்ததை எனக்கு அனுப்புங்கள், கண்டிப்பாகக் கேட்கிறேன்.

இதற்கப்புறம் எதைக் கேட்பது?

முழு நீள மூன்றாவது ஆல்பம் என்று ஒன்று அவர் செய்யவில்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு, மூன்று டிராக் கொண்ட சின்ன வெளியீடுகளாகத்தான் விட்டுக்கொண்டிருக்கிறார். 2012-ல் வந்த 'கிண்ட்ரெட்' அவற்றில் என்னுடைய முதல் தேர்வு, டிராக்குகள் நீளம், பொறுமை வேண்டும். 2013-ன் 'ரைவல் டீலர்' அவர் செய்ததிலேயே மனம் திறந்தது. 2019-ல் அந்தப் பத்தாண்டு வேலையை 'டியூன்ஸ் 2011-2019' என்று தொகுத்துவிட்டார்கள், தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. 2022-ன் 'ஆன்டிடான்' கிட்டத்தட்ட தாளமே இல்லாதது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 2006-ன் முதல் ஆல்பம் இன்னும் இருட்டு, குரல் குறைவு. 'அன்ட்ரூ' கேட்டு ஒரு மாதம் கழித்து அதற்குப் போனால் சரியாக இருக்கும்.